மரம் இல்லாத மண்ணில் ஒரு பாட்டி!

160 ஏக்கர் நிலம். விலை கிடையாது. பதிவுக் கட்டணமாகச் சில டாலர்கள் கட்டினால் போதும். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, ஒரு வீடு கட்டி, நிலத்தை உழுது பயிர் செய்துவிட்டால் பட்டா உங்கள் பெயருக்கு வந்துவிடும்.

இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? 1862-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் இதைத்தான் சொன்னது. அமெரிக்கக் குடிமகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. குடிமகனாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாலே விண்ணப்பிக்கலாம். ரயில்வே கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. தண்டவாளத்தின் இருபுறமும் தங்களுக்குக் கிடைத்த நிலங்களை விற்பதற்காக ஐரோப்பிய மொழிகளில் விளம்பரம் செய்தன. ஸ்வீடன், நார்வே, ஜெர்மனி, போஹீமியா என்று பல நாடுகளில் இருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் கப்பல் ஏறினார்கள்.

அப்படி வந்த குடும்பங்களில் ஒன்று, சாடிலெக் குடும்பம். அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த போஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்து, 1880-ம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு வந்தது. அந்தக் குடும்பத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பெயர் அன்னா.

பிற்காலத்தில் பேரன் பேத்திகள் எடுத்து, 1955-ல் தன் 86-வது வயதில் கண்மூடிய அன்னா பாட்டியின் கதைதான் இது. உலகம் அவரை ஒரு நாவலின் நாயகியாக அறியும். ஆனால், நாவல் வருவதற்கு முன்பே அவர் வாழ்ந்து முடித்திருந்த வாழ்க்கை, எந்த நாவலுக்கும் குறைந்ததல்ல.

கடிதத்தில் இருந்த மரங்கள்

அன்னாவின் அப்பா பிரான்சிஸ் சாடிலெக் விளம்பரத்தை மட்டும் நம்பிக் கிளம்பியவர் இல்லை. ஏற்கெனவே அங்கே போய்க் குடியேறியிருந்த தெரிந்தவர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். நல்ல நல்ல வீடுகள் இருக்கின்றன, மரங்கள் நிறைய இருக்கின்றன என்பது அந்தக் கடிதங்கள் சொன்ன சேதி. வெளிநாட்டுக்குப் போனவர் ஊருக்குக் கடிதம் எழுதும்போது கஷ்டத்தைச் சொல்வாரா, பெருமையைச் சொல்வாரா? எல்லா நாட்டிலும் இது ஒன்றுதானே!

வந்து இறங்கிய பிறகுதான் நிஜம் தெரிந்தது. ரெட் கிளவுட் என்ற சிற்றூரைச் சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல். பிரெய்ரி என்று சொல்லப்படும் அந்தப் புல்வெளியில், ஆற்றோரத்தைத் தவிர வேறு எங்கும் மரத்தைப் பார்ப்பதே அரிது. மரம் இல்லை என்றால் பலகை இல்லை. பலகை இல்லை என்றால் வீடு இல்லை.

அதனால், அங்கே வந்தவர்கள் மண்ணையே வெட்டி வீடு கட்டினார்கள். புல்லும் வேரும் பின்னிக்கிடக்கும் மேல்மண்ணைக் கலப்பையால் பட்டை பட்டையாக உரித்து, செங்கல்போலத் துண்டு போட்டு அடுக்குவார்கள். கூரையும் பெரும்பாலும் மண்தான். குளிர்காலத்தில் கதகதப்பு, கோடையில் குளுமை... அந்த வசதி உண்டு. ஆனால், மழை பெய்தால் வெளியே நின்ற பிறகும் உள்ளே ஒழுகிக்கொண்டே இருக்கும். கூரையிலிருந்து சமையல் பாத்திரத்தில் மண் விழும். சில நாள்களில் பாம்பும் விழும்.

அடுப்பெரிக்க விறகு? அதற்கும் மரம் வேண்டுமே! காய்ந்த மாட்டுச் சாணம், முறுக்கிக் கட்டிய புல், மக்காச்சோளத் தட்டை... இவைதாம் எரிபொருள். வறட்டியின் அருமை நமக்குத் தெரியும். ஐரோப்பாவில் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து பழகிய பெண்களுக்கு, சாணத்தைக் கையால் தொட்டு அடுப்பில் போடுவது முதல் சில வாரங்களுக்குப் பெரிய சோதனையாகவே இருந்தது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'இலவச நிலம்' என்று அரசாங்கம் கொடுத்தது யாருடைய நிலம்? நெப்ராஸ்காவின் பெரும்பகுதி காலங்காலமாக பாவ்னி உள்ளிட்ட பழங்குடி மக்கள் வாழ்ந்த மண். அன்னாவின் குடும்பம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1870-களில்தான் பாவ்னி மக்கள் தங்கள் கடைசி நிலத்தையும் விட்டு இன்றைய ஓக்லஹோமா பகுதிக்குப் போக வேண்டியிருந்தது. ரெட் கிளவுட் என்ற ஊரின் பெயரே லகோட்டா பழங்குடித் தலைவர் ஒருவருடையதுதான். பெயரை வைத்துக்கொண்டு மனிதர்களை அனுப்பிவிட்ட மண் அது. பசியோடு கப்பலில் வந்த விவசாயிக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

முதல் குளிர்காலம்

1880-81 குளிர்காலத்தை அமெரிக்கப் புல்வெளிப் பகுதி இன்றுவரை மறக்கவில்லை. அக்டோபர் மாதமே பனிப்புயல் ஆரம்பித்துவிட்டது. வடக்கே டகோட்டா பகுதியில் ரயில்கள் மாதக்கணக்கில் ஓடவில்லை. மாவு தீர்ந்துபோன ஊர்கள் உண்டு. அந்த வருடமா பார்த்து சாடிலெக் குடும்பம் வந்து சேர வேண்டும்?

மொழி தெரியாது. பக்கத்து வீடு என்பதே மைல் கணக்கில் தள்ளி இருக்கும். விதைக்கவோ உழவோ முடியாது. பனி உருகும்வரை மண் குகைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கையில் கொண்டுவந்த காசு கரைந்துகொண்டே இருந்தது.

சொந்த ஊரில் மனிதர்களோடு பேசிப் பழகி வாழ்ந்தவர், அன்னாவின் அப்பா. இங்கே அவருக்குப் பேச ஆளில்லை. காட்டிக்கொள்ள ஒரு வீடில்லை. 'உங்களை நம்பித்தானே வந்தோம்' என்று மனைவியும் பிள்ளைகளும் வாய்விட்டுச் சொன்னார்களோ இல்லையோ, ஒரு குடும்பத் தலைவனுக்கு அது காதில் கேட்டுக்கொண்டே இருக்குமல்லவா?

1881 பிப்ரவரியில் ஒருநாள், முயல் வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பி வரவில்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார். குடும்பம் புது நாட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

இப்படி இறந்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைப்பது அந்தக் காலத்தில் சுலபமில்லை. அதனால், அவரை அவர்கள் நிலத்தின் மூலையிலேயே அடக்கம் செய்தார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் அவரது உடல் ரெட் கிளவுட் கல்லறைக்கு மாற்றப்பட்டது. குடும்பம் அந்த மண்ணில் முதலில் ஊன்றியது விதையை அல்ல, அப்பாவை.

எல்லோரும் எதிர்பார்த்திருப்பது என்ன? விதவைத் தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுவார் என்பதுதானே. ஆனால், திரும்பிப் போகக் கப்பல் டிக்கெட் வாங்கவும் காசு வேண்டும். ஊரில் இருந்ததை விற்றுவிட்டு வந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஏது வழி? அங்கேயே தங்கினார்கள்.

ஏர் பிடித்த கை

பிரெய்ரி மண்ணை முதல்முறை உழுவது சாதாரண வேலை இல்லை. அந்தப் புல்லின் வேர்கள் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களின் பழைய கலப்பைகள் அந்த மண்ணில் திணறின. பிசுபிசுவென ஒட்டும் மண்ணை நாலடிக்கு ஒருமுறை நின்று சுரண்டிவிட வேண்டும். 1837-ல் இலினாய்ஸ் மாநிலத்தில் ஜான் டீர் என்ற கொல்லர் வழவழப்பான எஃகுக் கொழு வைத்த கலப்பையைச் செய்த பிறகுதான் அந்த மண்ணைப் புரட்டுவது சாத்தியமானது. இன்று நம் ஊர்களில் பச்சையும் மஞ்சளுமாக ஓடும் டிராக்டர்களில் இருப்பது அவர் பெயர்தான்.

அப்பா இல்லாத வீட்டில் பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லாமல் போனது. வளர வளர அன்னா ஆண்கள் செய்யும் வயல் வேலைகளைச் செய்தாள். வெயிலில் கறுத்து, கை காய்த்து, பேச்சும் முரடாகிப்போன அந்தப் பெண்ணைப் பார்த்து ஊர் முகம் சுளித்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது வயலிலேயே கழிந்தது.

பிறகு, ரெட் கிளவுட் ஊருக்குள் வசதியான ஒரு குடும்பத்தில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தாள். அது மைனர் குடும்பம். அன்று ஸ்வீடன், நார்வே, போஹீமியா பெண்கள் பலர் இப்படித்தான் வேலைக்குப் போனார்கள். அவர்கள் சம்பாதித்து அனுப்பிய பணத்தில்தான் அண்ணன் தம்பிகள் மாடு வாங்கினார்கள், கடனை அடைத்தார்கள். 'கூலிக்கு வந்த பெண்கள்' என்று ஊர் அவர்களை ஒரு படி கீழேதான் வைத்தது. ஆனால், பிற்காலத்தில் அந்த வட்டாரத்தில் நல்ல பண்ணைகளுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவை, பெரும்பாலும் இந்தப் பெண்களை வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள்தாம்.

மைனர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட வரும் ஒரு சிறுமி இருந்தாள். அன்னாவைவிட நாலு வயது சின்னவள். வர்ஜீனியாவிலிருந்து 1883-ல் நெப்ராஸ்காவுக்கு வந்தவள். பெயர் வில்லா கேதர். அடுப்படியில் அன்னா சொல்லும் கதைகளையும், ஊர் பேசிய சாடிலெக்கின் சாவையும் அந்தச் சிறுமி மறக்கவே இல்லை. 1892-ல் கல்லூரி மாணவியாக வில்லா எழுதி, அச்சில் வந்த முதல் சிறுகதையே அந்தச் சாவைப் பற்றியதுதான். 'பீட்டர்' என்பது கதையின் பெயர்.

கைக்குழந்தையோடு வந்த பெண்

இளம் வயதில் அன்னாவுக்கு ஒரு ரயில்வே ஊழியரோடு பழக்கம் ஏற்பட்டது. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி அழைத்துப்போனவர், வயிற்றில் பிள்ளையோடு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

1890-களின் தொடக்கம் அது. சிற்றூர். கல்யாணம் ஆகாமல் ஒரு குழந்தை. ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். முகம் தெரியாத ஏதாவது நகரத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளலாம். குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிடலாம். அன்று பலர் அப்படிச் செய்தார்கள். அன்னா, அப்பாவைப் புதைத்த அதே மண்ணுக்குத் திரும்பி வந்தார். குழந்தையை மறைக்கவில்லை. மறுபடி வயலில் இறங்கினார்.

அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவு இதுதான். 11 வயதில் வந்தது அப்பாவின் முடிவு. இந்த முறை திரும்பி வந்தது அவருடைய சொந்த முடிவு.

சில ஆண்டுகளில் ஜான் பவெல்கா என்ற, அதே போஹீமியாவைச் சேர்ந்தவர் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தையையும் ஏற்றுக்கொண்டார். அன்னா சாடிலெக், அன்னா பவெல்கா ஆனார். பிளேடன் என்ற ஊருக்கு அருகில் அவர்களின் பண்ணை அமைந்தது. வீடு நிறையப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

நிலவறை நிறைய சாப்பாடு

பவெல்கா பண்ணையில் வீட்டை ஒட்டி ஒரு நிலவறை உண்டு. அதற்குப் பழ அறை என்று பெயர். புல்வெளியில் குளிர்காலம் கடுமையானது. கோடையில் விளைவதைப் பத்திரப்படுத்தாவிட்டால் குளிர்காலத்தில் பட்டினிதான். ஒரு குடும்பத் தலைவியின் சாமர்த்தியம், அந்த நிலவறையில் எத்தனை ஜாடி இருக்கிறது என்பதில்தான் தெரியும். வெள்ளரி ஊறுகாய், பிளம், செர்ரி என்று கண்ணாடி ஜாடிகள் வரிசை கட்டி நிற்கும்.

போஹீமிய வீடு என்றால் 'கொலாச்சே' இல்லாமல் முடியாது. புளிக்கவைத்த மாவில் உருண்டை பிடித்து, நடுவில் குழி செய்து, கசகசாவையோ பிளம் விழுதையோ வைத்துச் சுட்டெடுக்கும் இனிப்பு ரொட்டி அது. கசகசாவை அரைத்து இனிப்பில் சேர்ப்பதை நம் வீட்டுப் பாட்டிகள் கேட்டால், 'இது நம்ம சமாச்சாரமாச்சே' என்பார்கள்!

வீட்டுக்குள் பேச்சு செக் மொழிதான். அதற்கும் ஒரு சோதனை வந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் வெளிநாட்டு மொழி பேசுகிறவர்கள் மேல் சந்தேகம் கிளம்பியது. 1919-ல் நெப்ராஸ்கா அரசு ஒரு சட்டமே போட்டது. எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடத்தில் என்ன சட்டம் இருந்தாலும், அடுப்படியில் அம்மா பேசுவதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை.

நாவலாக ஆன அம்மா

பெரிய எழுத்தாளராகிவிட்ட வில்லா கேதர், பல ஆண்டுகள் கழித்து அன்னாவின் பண்ணைக்கு வந்தார். சிறுவயதில் தன்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்த பெண்ணைப் பார்த்தார். பற்கள் விழுந்து, உடல் தளர்ந்து, ஆனால் சுற்றிலும் பிள்ளைகளோடு இருந்த அந்த அம்மாவிடம் அவர் கண்டது தோல்வியை அல்ல. 1918-ல் 'மை அன்டோனியா' நாவல் வெளியானது. மைனர் வீட்டுச் சகோதரிகள் இருவருக்குத்தான் அந்த நாவலைச் சமர்ப்பணம் செய்திருந்தார். அன்னாதான் அன்டோனியா. அமெரிக்க இலக்கியத்தில் இன்றும் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் புத்தகம் அது.

நாவலில் ஒரு விஷயம் வரும். அது அன்டோனியாவின் பழத்தோட்டம். ஆரம்பத்தில் அந்த நிலத்தில் ஒரு மரமும் கிடையாது. பகல் முழுக்க வயலில் உழைத்துவிட்டு, களைப்போடு போய் ஒவ்வொரு கன்றுக்கும் அவள் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறாள். மரங்களை மனிதர்களைப்போல நேசிக்கிறாள். கடிதத்தில் படித்த மரங்களை நம்பி வந்து ஏமாந்த ஓர் அப்பாவின் மகள் அவள் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், இந்தப் பகுதி வேறு மாதிரி தொடும்.

1926-ல் கணவர் ஜான் பவெல்கா இறந்தார். அவரை மனதில் வைத்து வில்லா எழுதியதுதான் 'நெய்பர் ரோசிக்கி' என்ற புகழ்பெற்ற சிறுகதை. பிறகு 1930-கள் வந்தன. மழை பொய்த்தது. புல்லை உரித்துவிட்ட மண்ணைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. பட்டப்பகல் இருட்டாகும் அளவுக்குப் புழுதிப் புயல். பண்ணைகள் கடனில் மூழ்கின. லட்சக்கணக்கானவர்கள் புல்வெளியை விட்டே வெளியேறினார்கள். பவெல்கா குடும்பத்துக்கும் அது கடினமான காலம்தான். வில்லா அவர்களை மறக்காமல் உதவிகள் அனுப்பிவந்தார். அன்னா அந்த மண்ணை விட்டுப் போகவில்லை.

புத்தகம் படித்துவிட்டு 'அன்டோனியா' எப்படி இருப்பார் என்று பார்க்க, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வருவார்கள். வயதான காலத்தில் அன்னா பாட்டிக்கு அது பழகிவிட்டது. 1955-ல் ஒரு பள்ளி மாணவி கேட்டதற்காக, தன் வாழ்க்கையை ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார். எழுத்துப்பிழைகள் நிறைந்த, பேசுவதுபோலவே எழுதிய ஆங்கிலம். புத்தகத்தில் இருப்பதில் பெரும்பகுதி நிஜம்தான், பெயர்களைத்தான் மாற்றிவிட்டார்கள் என்று அதில் சொல்லியிருந்தார். அப்பா இறந்த அந்த நாளையும் எழுதியிருந்தார். 74 வருடங்கள் ஆகியும் அது அவருக்கு நேற்று நடந்ததுபோல இருந்தது. அந்த ஆண்டிலேயே அவர் காலமானார்.

அவரை அடக்கம் செய்ததும் அந்தப் புல்வெளியில்தான். பண்ணை வீடும், அதன் பழ அறையும் இன்று வில்லா கேதர் பெயரிலான அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கின்றன. ரெட் கிளவுடுக்குத் தெற்கே 600 ஏக்கருக்கும் மேல் ஏர் படாத புல்வெளியையும் அந்த அறக்கட்டளை அப்படியே பாதுகாக்கிறது. 1880-ல் அந்தச் சிறுமி பார்த்த காட்சி எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே போனால் இன்றும் பார்க்கலாம்.

ஒரே மண். அப்பாவால் அங்கே ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. மகள் அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களைத் தாண்டினார். அப்பா கோழை, மகள் வீராங்கனை என்று இதற்குப் பொருள் சொல்லிவிட முடியாது. அப்பாவிடம் சொல்லப்பட்டது பொய். வளர்ந்த மரத்தைத் தேடி வந்து அவர் ஏமாந்தார். பொய் கலைந்த பிறகு மிச்சமிருந்த வெறும் மண்ணைத்தான் மகள் பார்த்தார். அதில் வைத்தால்தான் மரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வெளிநாட்டில் வேலை, கைநிறையக் காசு என்று யாரோ எழுதுவதை, இன்றைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நம்பிக் கிளம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் சொன்னது ஒன்று, இருப்பது வேறொன்று என்று தெரிந்தால், அதை வீட்டுக்குச் சொல்ல வெட்கப்பட்டுத் தனியாகவே சுமக்கிறவர்கள்தான் அதிகம். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அடுத்த முறை போன் செய்யும்போது, 'எவ்வளவு அனுப்பப் போறே?' என்று கேட்பதற்கு முன்னால், 'அங்கே பேச யாராவது இருக்காங்களா?' என்று கேட்டுப் பாருங்கள்.